வணிகப் படிப்பில் வாசிப்புப் பட்டியலை முழுதாகப் படிப்பவர்கள் உண்டா? ஸ்லைடு போதாதா?

வெண்ணிலவு (தொடக்கப் பதிவு)

வணிக மேலாண்மையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் வாரந்தோறும் ஒரு வாசிப்புப் பட்டியல் வருகிறது. பாடநூலில் ஓர் அத்தியாயம், இரண்டு ஆய்வுக் கட்டுரைகள், சில வாரங்களில் கூடவே ஒரு கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலை விவரித்து, என்ன செய்வீர்கள் என்று கேட்கும் பாடம். எங்கள் வகுப்பில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பவர்களே குறைவு. ஆசிரியரின் ஸ்லைடுகளை இறக்கிக்கொள்கிறார்கள். கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுப் பத்து வரிச் சுருக்கம் வாங்குகிறார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் எடுத்துவிடுகிறார்கள்.

நான் மூலக் கட்டுரைகளை உட்கார்ந்து படிக்கிறேன். படிக்கப் பிடிக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இலக்கியமோ வரலாறோ படிப்பவர்களிடம் இந்தக் கேள்வியே எழாது. அங்கே படிப்பது என்றாலே நூல்களைப் படிப்பதுதான். வணிகம் படிப்பவர்களிடம் மட்டும் "இதெல்லாம் வேலையில் யார் கேட்கப்போகிறார்கள்" என்ற பேச்சு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலையில் இருப்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் சொல்லுங்கள். முழுதாகப் படித்ததால் உங்களுக்கு என்ன கிடைத்தது?

களப்பணி

விற்பனையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். என் கீழ் ஒரு குழு வேலை செய்கிறது. வெளிப்படையாகச் சொல்கிறேன், வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை எந்தக் கட்டுரையும் கற்றுத் தராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? நேர்முகத் தேர்வுக்கு வருபவர்களில், ஒரு துறையின் போட்டியைத் தீர்மானிப்பதாகப் பாடத்தில் வரும் ஐந்து போட்டி விசைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் துறையில் யார் யாருக்குப் போட்டி என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

ஸ்லைடைப் படித்துத் தேர்ச்சி பெறுங்கள். மிச்ச நேரத்தில் பயிற்சிப் பணிக்குப் போங்கள். அங்கே கற்பது நிற்கும்.

தணிக்கை மேசை

களப்பணி நண்பரே, நீங்கள் சொல்லும் அந்த ஒப்பிப்பவர்கள் படித்ததால் அப்படி ஆனவர்கள் அல்லர். ஸ்லைடை மட்டும் பார்த்தவர்கள்தான் ஒப்பிப்பார்கள். ஐந்து விசைகளைப் பற்றி மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் எழுதிய கட்டுரையில் தொழில்துறை தொழில்துறையாக எடுத்துக்காட்டுகள் வருகின்றன. ஸ்லைடில் அவை எல்லாம் போய் ஐந்து பெட்டிகள் மட்டும் மிஞ்சுகின்றன. பெட்டியை மனப்பாடம் செய்தவர் விழிக்காமல் என்ன செய்வார்?

நான் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். என் வேலையில் பாதிக்கு மேல் வாசிப்புதான். ஒப்பந்தம், இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பு, கடன் பத்திரம், ஆண்டறிக்கை. வணிகப் பட்டதாரிக்கு வாசிப்பு தேவையில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. வாசிப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக் காட்டுகிறேன்.

ஒரு நிறுவனத்தின் விற்பனை சென்ற ஆண்டு 1,000. இந்த ஆண்டு 1,100. பத்து சதவீத வளர்ச்சி. ஸ்லைடில் அது மட்டும்தான் வரும், பச்சை நிற அம்புக்குறியோடு. இப்போது நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்புக்குப் போங்கள். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகை சென்ற ஆண்டு 200, இந்த ஆண்டு 290. நாள் கணக்கில் பார்த்தால், முன்பு விற்ற பணம் கைக்கு வர 73 நாள் ஆனது, இப்போது 96 நாள் ஆகிறது. ஏன்? அதற்கான பதில் எந்த அட்டவணையிலும் இருக்காது. பின்பக்கத்துக் குறிப்புகளில், கணக்கியல் கொள்கை பற்றிய பத்தியில், ஒரு வாக்கியம் இருக்கும்: விநியோகஸ்தருக்குச் சரக்கு அனுப்பிய நாளிலேயே விற்பனையாகப் பதியப்படுகிறது, விற்காத சரக்கைத் திருப்பித் தரும் உரிமை அவருக்கு உண்டு. அந்த ஒரு வாக்கியத்தைப் படித்த பிறகு அந்தப் பத்து சதவீத வளர்ச்சியை நீங்கள் முன்போல் பார்க்க மாட்டீர்கள். ஆண்டு முடிவில் சரக்கை விநியோகஸ்தர் கிடங்குக்குத் தள்ளிவிட்டார்களா என்று கேட்பீர்கள். பணம் உண்மையில் வந்ததா என்று காட்டும் பணப்பாய்வு அறிக்கையைத் திறப்பீர்கள்.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலானது. அதற்கு முந்தைய 2000-ஆம் ஆண்டறிக்கையிலேயே, தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் பற்றிய குறிப்பில், நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவரே நிர்வகிக்கும் கூட்டு அமைப்புகளுடன் நிறுவனம் வணிகம் செய்வது எழுதப்பட்டிருந்தது. சுற்றி வளைத்த மொழியில்தான் இருந்தது, ஆனால் இருந்தது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. 1998-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தின் வணிக மாணவர் குழு ஒன்று, வகுப்புத் திட்டத்துக்காக என்ரானின் நிதிநிலை அறிக்கைகளை அலசி, கணக்கில் லாபம் திரிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று குறிப்பிட்டு, பங்குகளை விற்றுவிடலாம் என்று பரிந்துரைத்தது. அவர்கள் கையில் ரகசிய ஆவணம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் கிடைத்த அதே அறிக்கைகளைத்தான் பொறுமையாகப் படித்தார்கள்.

வெண்ணிலவு, உங்கள் மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியாதது உங்கள் தேர்வின் குறை. வாசிப்பின் மேல் பழி போடாதீர்கள்.

இரவு வகுப்பு

இந்தப் பதில்களைப் படிக்கும்போது உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு மாலையில் எம்பிஏ வகுப்புக்குப் போகிறவன். வீட்டில் குழந்தை இருக்கிறது. கட்டுரைகள் என் தாய்மொழியில் இல்லை. ஒரு பக்கத்துக்கு எனக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. எல்லாவற்றையும் முழுதாகப் படியுங்கள் என்ற அறிவுரை நேரம் இருப்பவர்களுக்கானது.

எதை முழுதாகப் படிப்பது, எதை விடுவது என்று யாராவது சொன்னால் பயன்படும்.

விரிவுரை

வணிகப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இரவு வகுப்பு நண்பர் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு வருவதற்கு முன் ஸ்லைடைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஸ்லைடுகளைத் தயாரிப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970-இல் வெளியிட்ட பழைய கார் சந்தை பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மூன்று இதழ்கள் அதை நிராகரித்திருந்தன. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அடிப்படையாக இருந்தது அதே கட்டுரைதான். ஸ்லைடில் நாங்கள் எழுதுவது இரண்டே வரி: 'தகவல் சமமின்மை சந்தையைக் குலைக்கும். தீர்வு: உத்தரவாதம், பிராண்டு.' மாணவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்.

கட்டுரை இப்படி நகர்கிறது. விற்பவருக்குத் தன் கார் நல்லதா பழுதா என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலைதான் தருவார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் விலகிக்கொள்வார். அவர் விலகியதும் சந்தையில் மிஞ்சும் கார்களின் சராசரி இறங்குகிறது. வாங்குபவர் இதை ஊகித்து விலையை இன்னும் குறைப்பார். இப்போது ஓரளவு நல்ல கார் வைத்திருப்பவரும் விலகுவார். இப்படியே போனால் கடைசியில் சந்தையே இல்லாமல் போகலாம். இத்தனைக்கும் வாங்க ஆள் இருக்கிறது, விற்க ஆள் இருக்கிறது. இதைப் படிப்படியாக நீங்களே நடந்து பார்த்திருந்தால், காப்பீட்டில் நோயாளிகள் மட்டும் மிஞ்சுவது ஏன், வட்டியை ஏற்றினால் நல்ல கடனாளிகள் ஓடுவது ஏன் என்பதெல்லாம் தானாக விளங்கும். அந்தக் கட்டுரையிலேயே முதியோர் காப்பீடும் கடன் சந்தையும் வருகின்றன. மொத்தம் 13 பக்கம். கணிதப் பகுதியைத் தாண்டிவிட்டாலும் வாதம் கையில் நிற்கும்.

இன்னொன்று, ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலை. பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்தார்கள் என்பது உலகத்தில் எல்லா மேலாண்மை ஸ்லைடுகளிலும் இருக்கிறது. அந்த எடுத்துக்காட்டு வருவது 1776-இல் வந்த 'நாடுகளின் செல்வம்' என்ற அவருடைய நூலின் தொடக்கத்தில். அதே நூலின் ஐந்தாம் பாகத்தில், வாழ்நாள் முழுக்க ஒன்றிரண்டு எளிய செயல்களையே செய்துகொண்டிருப்பவனின் அறிவு மழுங்கிப்போகிறது என்று அவரே கடுமையாக எழுதுகிறார். அதற்காக அரசு கல்விக்கு வழி செய்ய வேண்டும் என்கிறார். வேலைப் பகுப்பின் விலையை அவர் அறிந்திருந்தார். முதல் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்ட பாடநூல்கள் அவரைப் பாதி மனிதராக்கிவிட்டன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரவு வகுப்பு நண்பருக்கு: பாடநூல் அத்தியாயத்தை முழுதாகப் படிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. தலைப்புகளைப் பார்த்து, தெரியாத பகுதியை மட்டும் படியுங்கள். கருத்தை முதன்முதலில் முன்வைத்த கட்டுரை பட்டியலில் இருந்தால் அதை விடாதீர்கள். வியப்பாக இருக்கும், அவை பல நேரம் சிறியவை, எளியவை. நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்று பொருளாதார அறிஞர் ரொனால்டு கோஸ் 1937-இல் எழுதியது 20 பக்கம். அதைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்க ஓர் ஆயுள் போதாது. கேஸ் ஸ்டடியைக் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் அதைப் படிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பது வீண். புள்ளிவிவரம் நிறைந்த ஆய்வுக் கட்டுரையில் முன்னுரையும் முடிவுரையும் அட்டவணைகளும் முதல் தடவைக்குப் போதும். வாரத்துக்கு ஒன்றை முழுதாக, மெதுவாகப் படித்தால்கூடப் பெரிய விஷயம். மொழிச் சிரமம் ஒரே துறையில் தொடர்ந்து படிக்கும்போது குறையும். சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

நினைவகம்

கற்றல் உளவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். வாசிப்பின் பக்கம் பேசுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படித்தால் மட்டும் நிற்காது.

2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை இது. ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு வேளை திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு வேளை படித்துவிட்டு, மீதி மூன்று வேளையும் தாளை மூடிவைத்து நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. வெண்ணிலவின் வகுப்புத் தோழர்கள் மறுநாள் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

2013-இல் உளவியலாளர் டன்லோஸ்கியும் குழுவினரும் பத்துப் படிப்பு உத்திகளை மதிப்பிட்டார்கள். கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயனுள்ளவை என்ற வரிசையில் வந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. ஆகவே மஞ்சள் பேனாவைக் கீழே வையுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் மூடிவிட்டு, ஆசிரியர் என்ன சொன்னார், எதை ஆதாரமாகக் காட்டினார், நான் ஏற்கிறேனா என்று மூன்று வரி எழுதுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி எழுதுங்கள்.

திரையா காகிதமா என்றும் யாராவது கேட்பீர்கள். 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வில் காகிதத்தில் படித்தவர்களே சற்று நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கதைகளில் அந்த வித்தியாசம் இல்லை, தகவல் சார்ந்த உரையில் இருந்தது, நேர நெருக்கடி இருக்கும்போது அதிகமானது. வணிகக் கட்டுரை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

புள்ளி அறுபது

இதே தலைப்பில் ஒரு பழைய ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்டு ஆரம், ஜோசிபா ரோக்சா என்ற சமூகவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைப் பற்றி 2011-இல் வெளியிட்டது. வாரத்துக்கு 40 பக்கத்துக்கு மேல் வாசிப்பும், செமஸ்டருக்கு 20 பக்கத்துக்கு மேல் எழுத்தும் கேட்ட பாடங்களை எடுத்தவர்களின் பகுத்தாயும் திறன் கூடுதலாக வளர்ந்திருந்தது. வணிகம் படித்தவர்கள் குறைவாக வளர்ந்த பிரிவுகளில் ஒன்றாக இருந்தார்கள். அந்தத் திறனை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்திய சோதனைத் தேர்வின் மீது விமர்சனம் உண்டு. வாசிப்புதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது; ஆர்வமுள்ள மாணவர்கள் கடினமான பாடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனாலும் வணிகத் துறைகள் அந்த முடிவைச் சும்மா கடந்து போனது சரியில்லை.

களப்பணி

தணிக்கை நண்பரின் விநியோகஸ்தர் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆண்டு முடிவில் இலக்கை எட்டச் சரக்கைத் தள்ளிவிடும் அழுத்தத்தை விற்பனைக்காரர்கள் அறிவார்கள். ஆனால் பாருங்கள், அதைக் குறிப்பில் படித்துக் கண்டுபிடிக்கிறீர்கள். நாங்கள் கிடங்குக்குப் போனால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கேஸ் ஸ்டடியைப் பற்றி எனக்கு வேறொரு குறையும் உண்டு. என் எம்பிஏ நாட்களில் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு தலைமை அதிகாரி ஜன்னல் ஓரமாக நின்று யோசிப்பார். தேவையான எண்கள் எல்லாம் பின்னிணைப்பில் அடுக்கியிருக்கும். நிஜத்தில் அந்த எண்களை யாரும் அடுக்கித் தருவதில்லை. எது தேவை என்று கண்டுபிடிப்பதே வேலையில் முக்கால்வாசி. அதோடு, கடைநிலையில் இருப்பவனின் குரல் அதில் வருவதே இல்லை. மேலாண்மை அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் போன்றவர்கள் இதைத்தானே எம்பிஏ மீது குற்றமாகச் சொல்கிறார்கள்?

விரிவுரை

கேஸ் ஸ்டடி பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஹார்வர்டில் இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 500 கேஸ் படிக்கிறார்கள். அத்தனையையும் ஒரே கோணத்திலிருந்து, மேலிருந்து கீழே பார்த்துப் படித்தால் அந்தப் பார்வையே பழகிவிடும். அதனால்தான் பட்டியலுக்கு வெளியேயும் படிக்கச் சொல்கிறேன். நீதிமன்றத் தீர்ப்புகள், விசாரணை ஆணைய அறிக்கைகள், தொழிற்சங்க வரலாறு. ஒரு நிறுவனம் சரிந்த பிறகு வெளியாகும் விசாரணை அறிக்கையில், எச்சரித்தவர்கள் யார், அவர்களை யார் கேட்கவில்லை என்பதெல்லாம் பெயரோடு வரும். கேஸ் ஸ்டடியில் அடுக்கித் தராத எண்களை அங்கே நீங்களே தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

கிடங்கு விஷயத்தில் ஒரு சொல். ஒரே பார்வையில் உங்களுக்குத் தெரிவது, உங்கள் கண்ணுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பதால். புதிதாக வருபவர் கிடங்கு நிறையச் சரக்கைக் கண்டு வியாபாரம் நன்றாக நடக்கிறது என்றுதான் நினைப்பார்.

மேலும், வேலையில் யாரும் படிக்கச் சொல்வதில்லை என்ற எண்ணம் சரியன்று. அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் ஸ்லைடு காட்டுவதையே நிறுத்தினார். அதற்குப் பதில் ஆறு பக்கத்துக்குள் உரைநடையில் ஒரு குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து அதைப் படிக்கிறார்கள், பிறகுதான் விவாதம். ஸ்லைடில் புள்ளி புள்ளியாக எழுதும்போது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன தொடர்பு என்று சொல்லாமல் தப்பிக்கலாம். முழு வாக்கியத்தில் எழுதினால் தப்பிக்க முடியாது.

வெண்ணிலவு

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நினைவகம் சொன்ன மூன்று வரி முறையை இந்த வாரமே தொடங்கிவிட்டேன். அக்கர்லோஃப் கட்டுரை எங்கள் பட்டியலிலேயே இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டேன்.

ஒரு கேள்வி மிச்சம். செயலியிடம் வாங்கும் சுருக்கத்தை முழுக்க ஒதுக்க வேண்டுமா? ஆண்டறிக்கைகள் முந்நூறு பக்கம் வரை போகின்றன. அதை எங்கே தொடங்குவது?

தணிக்கை மேசை

சுருக்கத்தை ஒதுக்க வேண்டாம், ஆனால் முதலில் படிக்காதீர்கள். நீங்கள் படித்து முடித்த பிறகு சுருக்கத்தை வாங்கி, அதில் எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை விடுபடுவது ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான்: நிபந்தனைகள். 'எனினும்', 'இதற்கு உட்பட்டு', 'இந்த ஆண்டு முதல் முறை மாற்றப்பட்டுள்ளது' என்று தொடங்கும் வாக்கியங்கள். எங்கள் தொழிலில் தேவையானவை அவைதான்.

ஆண்டறிக்கையை அட்டையிலிருந்து தொடங்க வேண்டாம். தலைவரின் கடிதத்தைக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். முதலில் தணிக்கையாளர் அறிக்கை, அதில் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதி இருக்கும். எங்கே கணிப்பு அதிகம் தேவைப்பட்டது என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். அடுத்து பணப்பாய்வு அறிக்கை. பிறகு கணக்கியல் கொள்கைகள், தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பு, நிலுவை வழக்குகள். இவ்வளவும் சேர்ந்தால் அறிக்கையில் ஒரு பகுதிதான். அதன் பிறகு தலைவரின் கடிதத்தைப் படியுங்கள், அவர் எதைப் பேசாமல் விட்டிருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

முடிந்தால் ஒரே நிறுவனத்தின் பத்து ஆண்டு அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிறுவனங்களின் ஓராண்டு அறிக்கையைவிட அது அதிகம் கற்றுத் தரும்.

இரவு வகுப்பு

வெண்ணிலவு, தங்கையே, அந்தப் பத்து ஆண்டுத் திட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக என்றால் என்னால் தொடர முடியாது. வாரம் ஓர் அறிக்கை என்று வைத்துக்கொண்டு, மூன்று வரிகளை இந்த இழையிலேயே பதிவோம். களப்பணி அண்ணன் எங்கள் வரிகளைப் படித்துக் களத்தில் அது எப்படி இருக்கும் என்று சொன்னால் இன்னும் நல்லது.

களப்பணி

சொல்கிறேன். சில்லறை விற்பனை நிறுவனமாக எடுங்கள். அதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

வெண்ணிலவு

சரி, சில்லறை விற்பனை. பழைய ஆண்டிலிருந்து தொடங்குவதா, புதிய ஆண்டிலிருந்தா?

தணிக்கை மேசை

பழையதிலிருந்து. புதியதை முதலில் படித்தால் முடிவு தெரிந்துவிடும். பிறகு பழைய அறிக்கையில் தலைவர் கொடுத்த ஒவ்வொரு வாக்குறுதியையும் அந்த முடிவை வைத்தே எடைபோடுவீர்கள். ஒவ்வோர் ஆண்டையும் முடித்ததும் அடுத்த ஆண்டு விற்பனையும் லாபமும் என்ன ஆகும் என்று உங்கள் கணிப்பை எழுதிவிட்டு அடுத்த அறிக்கையைத் திறங்கள்.